பாயின் கால்விரல்கள்

போன மாதம் சர்க்கரை ஆஸ்பத்திரியில் என் இரண்டு கால்களையும் ஒரு முக்காலி மேல் தூக்கி வைக்கச் சொன்னார்கள். சொன்னவள் ஒரு சின்ன டாக்டர் பெண். என் பேத்தி வயதுதான் இருக்கும். கையில் பேனா மாதிரி ஒன்று வைத்திருந்தாள். அதன் முனையில் தூண்டில் நரம்பைப் போல மெல்லிய இழை நீட்டிக்கொண்டிருந்தது. அதைக்கொண்டு பாதத்தில் அங்கங்கே தொடுவாளாம். நான் கண்ணை மூடிக்கொண்டு, தொட்டது தெரிந்தால் 'தெரியுது' என்று சொல்ல வேண்டுமாம். சர்க்கரை முற்றினால் கால் மரத்துப் போகும், முள் குத்தினாலும் தெரியாது, புண்ணாகி விரலையே எடுக்கும்படி ஆகிவிடும் என்று வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள் ஆளுக்கொரு கதை சொல்லி என்னை நன்றாகவே பயமுறுத்தி வைத்திருந்தார்கள்.

'வெரலை நல்லா விரிங்க தாத்தா' என்றாள். விரித்தேன். வலது கால் கட்டை விரலைப் பார்த்துவிட்டு, 'இங்க நகம் எங்க போச்சு?' என்று கேட்டாள். நகம் இருக்க வேண்டிய இடத்தில் எனக்கு வெறும் தோல்தான், பழைய சைக்கிள் ட்யூபில் போட்ட ஒட்டு மாதிரி. 'ராயபுரத்துல ஒருத்தர்கிட்ட விட்டுட்டு வந்துட்டேன்' என்றேன். சிரித்துக்கொண்டே கண்ணை மூடச் சொன்னாள். மூடினேன். மூடியதும் டாக்டரும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை. கரித்தூள் படிந்த ஒரு மைதானமும், அதன் இடது ஓரத்தில் வெறுங்காலோடு நின்ற ஒரு மனிதரும்தான் தெரிந்தார்கள்.

அவரைப் பாய் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ராயபுரத்தில் தெருவுக்குத் தெரு பாய்கள் உண்டு. ஆனால் கால்பந்தாட்ட மைதானத்தில் பாய் என்றால் அவர் ஒருவர்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை. கூட்ஸ் வண்டிக்கும் கிடங்குக்கும் நடுவே போட்டிருக்கும் ஒற்றைப் பலகையில், முதுகில் அரிசி மூட்டையோடு நாள் முழுக்க ஏறி இறங்குகிறவர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதே ஆள் அரைக்கால் சட்டையும் பச்சை பனியனும் போட்டுக்கொண்டு இடது ஓரத்து லெப்ட் அவுட்டில் வந்து நின்றால், ரயில் பாதை ஓரத்து மதில் மேலெல்லாம் ஆட்கள் ஏறிவிடுவார்கள். நாற்பதுகள் முடிந்து ஐம்பதுகள் தொடங்கிய சமயம் அது. எங்கள் பக்கத்து ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் அப்போது வெறுங்காலில்தான் ஆடினார்கள். கணுக்காலிலிருந்து புறங்கால் வரை துணிப்பட்டையை இறுக்கிச் சுற்றிக்கொள்வார்கள். விரல்கள் மட்டும் வெளியே இருக்கும். பாய் அந்தக் கட்டைப் போடுவதே பார்க்க ஒரு காட்சி. தரையில் உட்கார்ந்து, பட்டையின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை கட்டுகிறவர் போல அவசரமே இல்லாமல் சுற்றுவார். அதைப் பார்த்தே எதிர் டீம்காரனுக்குப் பாதி உயிர் போய்விடும்.

எனக்கு அப்போது பதினாறு, பதினேழு வயது. காசிமேட்டுக் குப்பத்தில் கட்டுமரக்காரர் வீட்டுப் பிள்ளை. என் வயதுப் பையன்கள் சினிமாக்காரர்களுக்காகச் சட்டையைக் கிழித்துக்கொண்ட காலத்தில் நான் பாய்க்காக மண்டையை உடைத்துக்கொண்டவன். அவர் தலையை எப்படிச் சாய்ப்பாரோ அப்படியே சாய்ப்பேன். அம்மாவின் பழம்புடவைக் கரையைக் கிழித்து இடது காலில் கட்டிக்கொண்டு கடற்கரை மணலில் ஓடுவேன். எனக்கோ பிறவியிலிருந்தே வலது கால் பழக்கம்; இடது காலால் உதைத்தால் பந்து கோலுக்குப் போவதற்குப் பதிலாகக் கடலுக்குப் போகும். யாராவது நீந்திப் போய் எடுத்துவர வேண்டும். கடைசியில் குப்பத்து டீமில் எனக்குக் கிடைத்த இடம் ரைட் பேக். அதாவது, எதிர்ப் பக்கத்து லெப்ட் அவுட்டை ஓடவிடாமல் தடுக்க வேண்டியவன். பாயைப் போல ஆக ஆசைப்பட்டவனுக்குப் பாயைப் போன்றவர்களை மறிக்கும் வேலை.

கட்டுமரத்தில் போகிறவர்கள் ஒரு ஆளைப் பார்த்தால் முகத்துக்கு முன்னால் காலைத்தான் பார்ப்பார்கள். நனைந்த மரத்தின் மேல், அலையில் நிற்கிறவனுக்கு விரல்தான் ஆதாரம். உடம்பு எந்தப் பக்கம் சாயப் போகிறது என்பது முகத்தில் தெரியாது. விரலில் முதலில் தெரிந்துவிடும். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். பாய் ஆடும்போதெல்லாம் கார்னர் கொடிக்குப் பக்கத்தில் தரையில் குந்தி உட்கார்ந்து அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்ததில், ஒரு சாயங்காலம் எனக்கு அது பிடிபட்டது. மைதானத்து ஓரக் கோட்டை ஒட்டி நேராக ஓடப் போகிறார் என்றால் ஊன்றிய காலின் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உள்ளே வெட்டித் திரும்பப் போகிறார் என்றால் அதே விரல்கள் விசிறி மாதிரி விரிந்து தரையைக் கவ்வும். பலகையில் மூட்டையோடு திரும்பித் திரும்பிப் பழகிய கால் அது. வேறு விதமாக அதற்குத் தெரியாது என்று நினைத்தேன். அவரைத் தடுக்கத் தலைகீழாக நின்று தண்ணீர் குடித்த பேக்குகள் மெட்ராஸில் எத்தனையோ பேர். அவர்கள் எல்லாரும் அவருடைய கண்ணைப் பார்த்தார்கள், இடுப்பைப் பார்த்தார்கள். விரலைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். புதையல் கிடைத்தவன் போல இதை யாரிடமும் மூச்சு விடவில்லை.

எங்கள் வீட்டு நிலைமையை இங்கே சொல்லிவிட வேண்டும். நைனா நான் சின்னவனாக இருந்தபோதே காய்ச்சலில் போய்விட்டார். அண்ணன்தான் சித்தப்பாவோடு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தான். ஒரு ஐப்பசிக் காற்றில் கட்டுமரம் கரைக்கு வந்தது, சித்தப்பா வந்தார், அண்ணன் வரவில்லை. அதற்கப்புறம் அம்மா கடலைப் பார்த்து உட்கார்ந்ததே இல்லை. மீன் கூடையை இறக்கி வைத்து வியாபாரம் பார்க்கும்போதுகூட முதுகைத்தான் கடலுக்குக் காட்டுவாள். 'பிச்ச எட்த்துனாச்சும் இவன கரையில வெச்சிப்பேன். தண்ணில எறக்க மாட்டேன்' என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டாள். சித்தப்பாவும் கெட்டவர் இல்லை. இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து ஒற்றை ஆளாக வலை இழுத்து அவருக்கு இடுப்பு போய்விட்டிருந்தது. 'தை பொறக்கற வரிக்கும் பாக்கறேன் அண்ணி. அதுக்குள்ள எங்கனா ஒரு வேலைல பூந்துக்கினான்னா சரி. இல்லாங்காட்டி மரத்துல ஏறட்டும். நானும் எத்தினி நாளிக்கித்தான் இஸ்துகினு கெடப்பேன்' என்றார். அப்போது மார்கழி பிறந்துவிட்டிருந்தது.

திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கம்பெனி இருந்தது. பெயர் வேண்டாம். அதற்கு ஒரு பந்தாட்ட டீம் உண்டு. நன்றாக ஆடுகிறவனுக்கு அந்த மாதிரிக் கம்பெனிகளில் படிப்பு, சிபாரிசு எதுவும் இல்லாமலே வேலை கிடைத்த காலம் அது. அந்த டீமின் மேனேஜர் ஒருநாள் எங்கள் கடற்கரைக்கு வந்து, மணலில் ஷூ புதையப் புதைய நின்று, நான் ஆடுவதைப் பார்த்தார். கடல் காற்றிலும் ஒரு முடி கலையாத மனிதர். என்னைக் கூப்பிட்டு, 'எங்க ரைட் பேக்குக்கு முட்டி போயிடுச்சு. வர்ற ஞாயித்துக்கெழமை ராயபுரம் டீமோட மேட்ச். அந்த பாயை நீ கோல் போடாம நிறுத்திட்டா, திங்கக்கெழமை காலைல கம்பெனி கேட்டுக்கு வந்துடு. யார்டுல ஹெல்பர் வேலை' என்றார். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல என்று சந்தோஷத்துக்குச் சொல்வார்கள். எனக்கோ, குறுக்கே வந்த தெய்வத்தை நான் வழிமறிக்க வேண்டியிருந்தது. ஆனாலும் தயங்கினேன் என்று சொன்னால் பொய். வேலை கிடைத்தால் அம்மாவின் பயம் தீரும். அதைவிட, பாய் ஆடும் மைதானத்தில் பாய்க்கு எதிரே நான் நிற்பேன். சரி என்று தலையாட்டினேன்.

கம்பெனி டீமில் பூட்ஸ் கட்டாயம். தோல் பூட்ஸ், அடியில் கட்டை கட்டையாகத் தோல் குமிழ்கள். அதைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு குப்பத்துக்குள் நுழைந்தபோது வந்த சங்கடம் கொஞ்சமல்ல. எங்கள் ஆட்கள் வலையின் மேலும் மரத்தின் மேலும் செருப்புக் கால் பட விடமாட்டார்கள். சோறு போடுகிற சாமான் அது. வலை காயப்போட்ட மணலில்தான் எங்கள் வீட்டுக்கு வழி. அதனால் பூட்ஸை வாசல் கம்பத்தில் ஒரு ஆணியில் மாட்டிவைக்க வேண்டியதாயிற்று. அதைப் போட்டுக்கொண்டு நான் மணலில் ஓடிப் பழகியதைப் பார்த்து, மீன் உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள், 'இன்னாடா, குதிரைக்கு லாடம் அட்ச்சிட்டாங்களா' என்று சிரித்தார்கள். சிரிப்பில் நியாயம் இருந்தது. அதுவரை தரை எப்படி இருக்கிறது என்று என் கால் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. பூட்ஸ் போட்டதும் கால் ஊமையாகிவிட்டது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. தினமும் காலையில் அந்த ஆணியை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் கூடையைத் தலையில் ஏற்றுவாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மதில் மேல் இடம் இல்லாமல், பாதை ஓரத்தில் நின்ற காலி வேகன்களின் மேலும் ஆட்கள் ஏறியிருந்தார்கள். பாதி மைதானம் ரயில் கரித்தூள், பாதி கட்டாந்தரை. பாய் வழக்கம் போல உட்கார்ந்து கட்டைச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அதுதான் முதல் முறை. கன்னத்தில் நரை தட்டியிருந்ததும், மூட்டை தாங்கித் தாங்கி ஒரு தோள் இறங்கியிருந்ததும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தன. அவர் என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

முதல் பந்து அவரிடம் வந்தது. அவர் கண் உள்ளே பார்த்தது, இடுப்பு உள்ளே சாய்ந்தது. நான் இரண்டையும் பார்க்கவில்லை. ஊன்றிய காலின் விரல்கள் ஒட்டியிருந்தன. கோட்டை ஒட்டிப் பாய்ந்தேன். பந்து நேராக என் காலுக்கு வந்தது. வேகன் மேலிருந்து யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள். அடுத்த முறை விரல்கள் விரிந்தன. உள்ளே போய் நின்றேன். அங்கேயும் பந்து எனக்குத்தான். அதற்கடுத்த முறையும் அப்படியே. மூன்றாவது தடவை பந்தைப் பறித்து முன்னால் அடித்துவிட்டுத் திரும்பியபோது மைதானமே சத்தம் அடங்கிப் போயிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் நான் கும்பிட்ட ஆளை நானே பத்துப் பேர் நடுவில் சாதாரண ஆளாக்கிக்கொண்டிருந்தேன். பாய் அப்போதுதான் முதல் முறையாக என்னைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, என் கண் எங்கே இருக்கிறது என்று பார்த்தார். பிறகு மெதுவாகத் தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

இடைவேளையில் மேனேஜர் தன் கையால் எனக்குக் கோலி சோடா உடைத்துக் கொடுத்தார். தோளில் கை போட்டுக்கொண்டு கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனார். 'வேலை உனக்குத்தான்' என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, 'ஆனா அவன் பழைய ஆளு. செகண்டு ஆஃப்ல எதுனா வித்தை காட்டுவான். அதுக்கு முன்னாடி ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, காலை மிதிச்சிடு. அவன் வெறுங்காலு, நீ பூட்ஸு. ரெப்ரி பாத்தாலும் பந்துக்குப் போனேன்னு சொல்லிக்கலாம். அவன் வெளியில போயிட்டா நமக்கு மேட்ச், உனக்கு வேலை' என்றார். நான் சோடா பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'இன்னா, காதுல உழுந்துச்சா' என்று கேட்டார். உழுந்தது என்று தலையாட்டினேன்.

இரண்டாவது பாதி தொடங்கியது. காற்று திசை மாறிக் கடல் பக்கமிருந்து வீசியது, கரித்தூள் கண்ணில் அடித்தது. பாய் கோட்டோரம் பந்தை வாங்கி நின்றார். விரல்கள் விரிந்தன. நன்றாக, நான் அதுவரை பார்த்ததைவிட அகலமாக விரிந்து தரையைக் கவ்வின. உள்ளே பாய்ந்தேன். அவர் வெளியே போனார். நான் திரும்பிப் பார்க்கும்போது அவர் கோட்டை ஒட்டி என்னைத் தாண்டிவிட்டார். அந்த இடது காலிலிருந்து கிளம்பிய பந்து எங்கள் கோல் கீப்பரின் தலைக்கு மேலே வளைந்து உள்ளே விழுந்தது. வேகன்களின் தகரம் அதிர்ந்தது. பாய் திரும்பி வரும்போது என் பக்கத்தில் நடையைக் குறைத்தார். 'இன்னா தம்பி, எங்காலயே பாத்துகினு கீறே. பந்தப் பாரு' என்றார். கோபமும் இல்லை, கிண்டலும் இல்லை. எதிரே வருகிறவனுக்கு வழி சொல்கிற மாதிரிச் சொல்லிவிட்டுப் போனார்.

என் புதையல் அந்த நிமிஷத்தில் செல்லாக்காசாகிவிட்டது. இனி அந்த விரல்கள் எப்போது நிஜம் சொல்லும், எப்போது பொய் சொல்லும் என்று எனக்குத் தெரியாது. கோட்டுக்கு வெளியே மேனேஜர் என்கூடவே ஓடி வந்துகொண்டிருந்தார். 'மிதிடா, மிதிடா' என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது எனக்கு மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சந்தர்ப்பமும் வந்தது. பாய் எனக்கு முதுகு காட்டி, பந்தை ஒரு காலடியில் அடக்கிக்கொண்டு நின்றார். ஊன்றிய கால் என் பூட்ஸுக்கு நேர் கீழே. நரம்பு புடைத்த புறங்கால், கரி ஏறிய ஐந்து விரல்கள். ஒரு மிதி. கால் மேலே போனது. மேலே போன காலுக்குக் கீழே நான் பார்த்தது பந்தாட்டக்காரரின் காலை அல்ல. பலகையில் ஏறுகிற காலை. விரல் ஒடிந்தவன் எங்கள் மரத்தில் நிற்க முடியாது, அவருடைய பலகையிலும் நிற்க முடியாது. அந்த விரல்களில்தான் அவர் வீட்டு அடுப்பு எரிந்தது. என் கால் பக்கத்துத் தரையில் இறங்கியது. அவர் திரும்பி என்னைக் கடந்துபோய் அடித்த பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனதால் பிழைத்தோம்.

அடுத்து நான் செய்ததை ராயபுரத்தில் ரொம்ப நாள் பெருந்தன்மை என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு அதைக் கேட்டால் கூச்சமாக இருக்கும். கோட்டுக்கு வெளியே போய் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தேன், அவ்வளவுதான். அவர்மேல் இரக்கப்பட்டு அவிழ்க்கவில்லை. இரக்கம் காலை இறக்கியதோடு முடிந்தது. இப்போது எனக்கு இருந்தது வெறி. ஊமையான காலோடு அவரிடம் தோற்க எனக்குப் பிடிக்கவில்லை. தோற்றாலும் என் காலோடு தோற்க வேண்டும். மேனேஜர் என் எதிரே வந்து நின்றார். 'பூட்ஸ் இல்லாதவன் என் டீம்ல இல்ல. கழட்டுனா திங்கக்கெழமை கேட்டுப் பக்கம் வராதே' என்றார். எங்கள் வாசல் கம்பத்து ஆணி ஞாபகம் வந்தது. அம்மா ஞாபகம் வந்தது. ஒரு பூட்ஸ் கையில், இன்னொன்று காலில். எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. பிறகு இரண்டாவதையும் கழற்றி அவர் ஷூவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே ஓடினேன். மாற்று ஆள் போடுகிற வழக்கம் அப்போது இல்லாததால் அவர் என்னைத் தடுக்கவில்லை.

தரை சுட்டது, கரி குத்தியது, கால் மறுபடியும் பேச ஆரம்பித்தது. ஆட்டம் முடியும் சமயத்தில் பாய் கடைசியாக ஒரு முறை வந்தார். விரிந்தனவோ, ஒட்டினவோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் பந்தை மட்டும் பார்த்தேன். வலது காலை முழு பலத்தோடு விட்டேன். அதே நேரத்தில் அவருடைய இடது கால் வந்தது. நடுவில் பந்து. பந்து பக்கவாட்டில் பறந்து கோட்டைத் தாண்டிப் போக, பந்து விட்டுப் போன இடத்தில் என் கட்டை விரலும் அவருடைய கட்டை விரலும் மோதிக்கொண்டன. இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டோம். எனக்குக் கண்ணில் பூச்சி பறந்தது. என் நகம் மல்லாந்து நின்றது. அவருடையது பாதி கிழிந்து தொங்கியது. விசில் ஊதினார்கள். ராயபுரம் ஒன்று, நாங்கள் சைபர். ஜனங்கள் ஓடிவந்து அவரைத் தூக்கப் பார்த்தார்கள். அவர் கையை அசைத்து விலக்கிவிட்டு, கட்டின் நுனியைப் பல்லால் கடித்து இழுத்து இரண்டாகக் கிழித்தார். ஒரு துண்டை என்னிடம் நீட்டினார்.

'இப்போ பாத்தியா பந்த?' என்று கேட்டார்.

'பாத்தேன் பாய்.'

'கார்னர் கொடியாண்ட குந்திகினு எங்காலயே மொறச்சிகினு கெடப்பானே ஒரு பையன், அது நீதானே' என்றார். இவ்வளவு காலமும் நான் ஒளிந்திருந்து பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். 'நீ கால தூக்குனதும் தெரியும், எறக்குனதும் தெரியும். முதுவுல மூட்ட தூக்கறவனுக்கு முதுவுக்குப் பின்னால நடக்கறது தெரியாதா இன்னா' என்றார். பிறகு மேனேஜர் நின்ற பக்கம் பார்த்து, 'வேல குடுப்பானா?' என்று கேட்டார். மாட்டான் என்றேன். தன் விரலைக் கட்டி முடித்துவிட்டு, என் விரலையும் அவரே கட்டினார். மேனேஜர் பூட்ஸை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு நொண்டிக்கொண்டு வந்தபோது விளக்கு வைத்துவிட்டிருந்தாள் அம்மா. வெறுங்கையைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. வெந்நீர் வைத்து, கட்டை அவிழ்த்து, மஞ்சள் பற்றுப் போட்டாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள், 'அந்தாளு கால மிதிச்சிருந்தா வேல குட்த்திருப்பானா?' என்று கேட்டாள். குடுத்திருப்பான் என்றேன். மஞ்சள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், 'மிதிச்சிருக்கலாமேடா' என்றாள். மூத்தவனைக் கடலுக்குக் கொடுத்தவள் அவள். யாரோ ஒரு பாயின் விரல் அவளுக்கு என்ன கணக்கு? அவளைத் தப்பு சொல்ல என்னால் முடியாது. அந்த ஒரு வார்த்தைதான் என்னை ரொம்ப நாள் தூங்கவிடவில்லை.

தை பிறந்தது. விரல் ஆறுவதற்குள் சித்தப்பாவின் மரத்தில் ஏறினேன். உப்புத் தண்ணீர் பட்டதும் உயிர் போய் உயிர் வந்தது. முதல் அலையைத் தாண்டியபிறகு திரும்பிக் கரையைப் பார்த்தேன். மீன் கூடைக்குப் பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். அண்ணன் போன பிறகு முதல் தடவையாகக் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் கடலுக்குப் போன நாளெல்லாம், அவள் கண் மூடுகிற வரைக்கும், அப்படியேதான் உட்கார்ந்தாள். கடல் என்னை ஒவ்வொரு நாளும் திருப்பிக் கொடுத்தது; அவள் அதை ஒருநாளும் நம்பவில்லை.

கொஞ்ச காலத்தில் எல்லா டீமிலும் பூட்ஸ் வந்துவிட்டது. பாய் பூட்ஸ் போட்டு ஒரே ஒரு ஆட்டம் ஆடினார். நான் கார்னர் கொடிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கல்யாணத்துக்கு இரவல் சட்டை போட்டு வந்தவர் மாதிரி இருந்தது. அதற்கப்புறம் அவர் மைதானத்துக்கு வரவில்லை. சில வருஷங்கள் கழித்து ஒரு நாள், நான் மரத்தை இழுத்துக் கரையேற்றிக்கொண்டிருந்தபோது மீன் வாங்க வந்தவர்களின் நடுவே நின்றார். தாடி வெளுத்திருந்தது. முகத்தைப் பார்க்கவில்லை, குனிந்து என் காலைப் பார்த்தார். நான் அவர் காலைப் பார்த்தேன். அவருக்கு நகம் முளைத்துவிட்டிருந்தது, கோணலாக. 'உனக்கு இன்னம் மொளைக்கலையா?' என்று கேட்டார். 'இல்ல பாய்' என்றேன். 'மொளைக்கும், மொளைக்கும்' என்று சொல்லிவிட்டுச் சங்கரா மீனைப் பார்க்கப் போய்விட்டார். அவரை நான் கடைசியாகப் பார்த்தது அதுதான்.

இவ்வளவும் நான் முக்காலி மேல் கால் வைத்துக் கண்ணை மூடியிருந்த நேரத்தில் வந்துபோயின. கால் மரத்துவிட்டது என்று சொல்லிவிடுவார்களோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கரித்தூளின் சூட்டையும், அலையின் ஆட்டத்தையும், மரத்தின் ஈரத்தையும் எனக்குச் சொன்ன கால் இது. இது மறுபடியும் ஊமையாகிவிட்டால் அப்புறம் எனக்கு என்ன மிச்சம்? அந்த நேரம் பார்த்து வலது கட்டை விரலில், நகம் இல்லாத அந்த இடத்தில், சுருக்கென்று ஒன்று பட்டது. எனக்கு உயிர் வந்தது.

'தெரியுது' என்றேன்.

'எங்க தாத்தா?'

'கட்டை வெரல்ல. நகம் இல்லாத எடத்துல. நல்லாவே தெரியுது.'

'நான் இன்னும் தொடவே இல்லையே' என்றாள்.

கண்ணைத் திறந்து பார்த்தேன். இழை என் விரலுக்கு மேலே, ஒரு சாண் உயரத்தில் நின்றது. தொடப்போகிற மாதிரி கையைக் கொண்டுவந்து, தொடாமலே நிறுத்தியிருந்தாள். பொய் சொல்கிறவர்களைக் கண்டுபிடிக்க அவர்களுக்கும் இப்படி ஒரு வித்தை இருக்கிறதாம். பாய் அன்றைக்கு விரலை விரித்துக் காட்டி ஏமாற்றியது ஞாபகம் வந்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன சிரிப்பு என்று அவளுக்குப் புரிந்திருக்காது. 'பரவால்ல, இன்னொரு தடவை பாக்கலாம். அவசரப்படாம, பட்டாத்தான் சொல்லணும்' என்று மறுபடியும் கண்ணை மூடச் சொன்னாள். மூடிக்கொண்டேன். விரல்களை நன்றாக விரித்து வைத்து, இந்த முறை வாயைத் திறக்காமல் காத்திருந்தேன்.